சிறப்பு விருந்தினரின் சீட் பெல்ட்

தச்சநல்லூர் சிவசைலத்தைப் பயந்த மனுஷர் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்வார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூன்று தரம் திருகிப் பார்ப்பார். மாடிப்படியில் கைப்பிடியை விடாமல்தான் ஏறுவார். ஆற்றுக்குக் குளிக்கப் போனால் முழங்கால் தண்ணீருக்கு அப்பால் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர், ஒரு காகிதத்தையும் இரண்டு தடவை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது கிடையாது. அப்பேர்ப்பட்டவர் தன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

காருக்கு இருபத்தாறு வயது. வெள்ளை நிறம் என்று பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் பழுப்பேறிய தேங்காய்ச் சில்லு நிறம் என்பார்கள். அதில் இருந்த கோளாறுகளைச் சிவசைலம் ஒருநாளும் கோளாறு என்று சொன்னதில்லை. பழக்கம் என்றுதான் சொல்லுவார். இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அது ஒரு பழக்கம். முன்சீட்டுக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, வெளியேயிருந்து ஒரு ஆள் வந்து திறந்துவிட வேண்டும். அது இன்னொரு பழக்கம். பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் வண்டி யோசிக்கும், இரண்டாவது மிதியில்தான் நிற்கும். எஞ்சின் சூடாகிக்கொண்டே போகும். உள்ளே எப்போதும் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கும். அதற்காக அவர் முன்கண்ணாடியில் ஒரு மல்லிகைச் செண்ட் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்.

முன்சீட்டு பெல்ட்டின் பழக்கம்தான் மோசமானது. மாட்டினால் மாட்டிக்கொள்ளும், அப்புறம் வெளியே வராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவர் மனைவி அனுராதா டவுண் ரதவீதியில் அரை மணி நேரம் அதில் சிக்கிக்கொண்டு, கடைசியில் பட்டுச்சேலையோடு சீட்டின் கீழ்வழியாக நழுவித்தான் வெளியே வந்தாள். தெருவே நின்று பார்த்தது. அன்றோடு அவள் அந்த வண்டியில் கால் வைப்பதை விட்டுவிட்டாள். ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருக்கிறாள். தினமும் செங்கோட்டை ரயிலில் போய் வருகிறாள்.

மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஹாஜாதான் அந்தக் காருக்கு வைத்தியர். போன மாதம் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க வண்டி ஓடுறதப் பத்தி எனக்குக் கவலை கிடையாது. நிக்கிறதப் பத்தித்தான் கவலை."

"என்ன சொல்லுத?"

"பிரேக்குக்கு எண்ணெய் தள்ளுற சிலிண்டரு ஒழுகுது. பெட்ரோல் குழாய் வெடிச்சிருக்கு. நான் ரப்பரச் சுத்திக் கட்டி வச்சிருக்கேன், அது வெறுங்கட்டுதான், நாளைக்கே அவுந்துரும். ரேடியேட்டர் பாதி அடைச்சுக் கெடக்கு. அல்லா காப்பாத்தணும், இத்தனையும் மாத்தாம வண்டிய ரோட்டுல எடுக்காதீங்க."

சிவசைலம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி ஹாஜா, அந்தக் கிறீச் சத்தத்த மட்டும் இப்போதைக்கு நிப்பாட்டு" என்றார்.

சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்ற பிறகு வண்டியில் என்ன குறை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கிளட்ச் புதுசு, பாட்டரி புதுசு, சைலன்சர் புதுசு, நாலு டயரும் புதுசு. இத்தனை புதுசு இருக்கிற வண்டியை எவனாவது பழசு என்பானா என்று அனுராதாவிடமே கேட்டார். அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள்.

இந்தத் தை மாதம் அவளுடைய பள்ளியில் சாலைப் பாதுகாப்பு விழா வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினராக வர ஒத்துக்கொண்டவர் பெருமாள்புரம் பாலசுப்பிரமணியன். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்து வர ஒரு வாடகைக் காருக்குச் சொல்லி, கூடவே வர வேண்டிய பொறுப்பை அனுராதா தன் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாள். ஏற்பாடுகளைக் கவனிக்க அவள் காலை ரயிலிலேயே போய்விட்டாள்.

ஏழரை மணிக்கு வாடகைக் கார் டிரைவர் போன் பண்ணினான். மாமனாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் நிற்கிறானாம். "ஒரு மணி நேரம் பொறுத்துக்கிட்டா வேற வண்டி அனுப்புதேன் சார்" என்றான்.

ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம். விழா பதினொரு மணிக்குத்தான். ஆனால் சிவசைலத்தின் கண் முற்றத்தில் நின்ற காரின் மேல் போயிற்று. முந்தின நாள்தான் கழுவித் துடைத்திருந்தார். வெயிலில் அது மினுமினு என்று நின்றது.

"வேண்டாம்ப்பா. நீ மாமனாரப் பாரு" என்று போனை வைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் அனுராதா கூப்பிட்டாள். "என்னங்க, வண்டி வந்துட்டா?"

"வண்டி வாசல்ல நிக்கி" என்றார் சிவசைலம். அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

பெருமாள்புரத்தில் பாலசுப்பிரமணியன் வெள்ளைச் சட்டையை உள்ளே செருகி, பளபளக்கிற ஷூ போட்டு, பேச்சுக் குறிப்பு எழுதிய காகிதத்தைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நல்ல உடம்பு. வயிறு அவருக்கு அரை அடி முன்னால் போகும். சிவசைலம் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். மரியாதைக்குத் திறக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உட்கார்ந்த கையோடு அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி பெல்ட்டை இழுத்தார். சிவசைலம் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், அது வேண்டாம் சார்."

"ஏன் வேண்டாம்?"

"கசங்கிரும் சார். சட்டை."

"சட்டை கசங்குனா இஸ்திரிப் பெட்டி போட்டுக்கிடலாம் சார். சாலைப் பாதுகாப்பு பேசப் போறவன் பெல்ட் இல்லாம போனா நல்லாருக்குமா?" என்று அவர் ஒரே அழுத்தாக அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது. சிவசைலம் கண்ணை மூடித் திறந்தார். ஆழ்வார்குறிச்சி போய்ச் சேருவதற்குள் ஏதாவது யோசனை வராமலா போய்விடும் என்று வண்டியை எடுத்தார்.

மேலப்பாளையம் வழியாகத்தான் போக வேண்டும். ஹாஜாவின் பட்டறை ரோட்டு மேலேயே இருக்கிறது. அதைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். ஆனாலும் ஹாஜா பார்த்துவிட்டார். கையில் ஸ்பேனரோடு ரோட்டுக்கு ஓடிவந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டி, "அண்ணாச்சி! அண்ணாச்சி! எடுக்காதீங்க!" என்று கத்தினார்.

"யாரது?" என்றார் பாலசுப்பிரமணியன், திரும்பிப் பார்த்து.

"தெரிஞ்ச ஆளு சார். எப்பப் பாத்தாலும் இப்படித்தான் பிரியமா வணக்கம் சொல்லுவாரு."

அப்போது ரோடு இடப்பக்கம் வளைந்தது. ஹாரன் நீளமாக அடித்தது. முன்னால் போன சைக்கிள்காரர் பதறி ஓரம் ஒதுங்கித் திட்டினார். அடுத்த வளைவிலும் அடித்தது. மூன்றாவது வளைவில் ரோட்டில் ஒரு காக்கைகூட இல்லை, அப்போதும் அடித்தது.

"சார் எச்சரிக்கையா ஓட்டுதீங்க போல" என்றார் விருந்தினர். பாராட்டா கிண்டலா என்று சிவசைலத்துக்குப் பிடிபடவில்லை.

முன்னீர்பள்ளம் தாண்டும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. பத்தமடை வந்தபோது சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. அதற்கு அவரிடம் ஒரு மருந்து உண்டு. உள்ளே இருக்கிற ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சின் சூடு வண்டிக்குள்ளே வந்துவிடும். எஞ்சின் கொஞ்சம் ஆறும். ஒன்றும் தெரியாததுபோல் ஹீட்டரின் குமிழைத் திருப்பினார். காலடியிலிருந்து அனல் கிளம்பியது.

பாலசுப்பிரமணியன் முதலில் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். அது நனைந்து போனதும் பேச்சுக் குறிப்பை எடுத்து விசிறிக்கொண்டார்.

"ஏசி வேலை செய்யலையா சார்?"

"செய்யுது சார். கொஞ்சம் சூடா செய்யுது."

"அது ஹீட்டருல்லா? நான் முப்பது வருஷம் வண்டி பாத்தவன்வே!" என்றார் அவர். 'சார்' போய் 'வே' வந்துவிட்டது. "பெட்ரோல் வாடை வேற அடிக்கி. வண்டிய ஓரமா நிறுத்தும்."

"அது மல்லிகைச் செண்ட் சார். இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார் சிவசைலம். இன்னும் பாதி தூரத்துக்கு மேல் இருந்தது.

சேரன்மகாதேவி தாண்டி, இரண்டு பக்கமும் வயலும் வாழையுமாக ரோடு நேராகப் போகிற இடம். முன்னால் வாழைத்தார் ஏற்றிய மினிலாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. மாடு எதுவோ குறுக்கே வந்திருக்க வேண்டும். லாரி திடீரென்று நின்றது. சிவசைலம் பிரேக்கை மிதித்தார். வழக்கம்போல் வண்டி யோசித்தது. இரண்டாவது மிதி மிதித்தார். இந்தத் தடவை கால் அப்படியே தரை வரைக்கும் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நிமிஷத்தில் அவருக்கு அனுராதாவின் முகமோ தெய்வமோ ஞாபகம் வரவில்லை. லாரியின் பின்னால் தொங்கிய வாழைத்தார்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தன. கியரைக் கீழே இறக்கினார். கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருந்தார். வண்டி கத்தியது, குலுங்கியது, இழுத்துக்கொண்டு போய் நின்றது. லாரியின் கம்பிக்கும் கார் முகப்புக்கும் ஒரு முழம்தான். கடைசித் தார் ஒன்று கயிற்றிலிருந்து நழுவி மெதுவாகக் கார் பானட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

லாரிக்காரர் இறங்கி வந்து, தாரையும் பார்த்து, உள்ளே வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்த இரண்டு பெரிய மனிதர்களையும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பழம் வேணும்னா வாயத் தொறந்து கேக்கலாம்லா?" என்று சொல்லித் தாரைத் தூக்கிக்கொண்டு போனார்.

பாலசுப்பிரமணியன் பெல்ட்டைக் கழற்ற முயன்றார். சிவப்புப் பித்தானை ஒரு விரலால் அழுத்தினார், இரண்டு விரலால் அழுத்தினார், உள்ளங்கையால் குத்தினார். கதவின் கைப்பிடியை இழுத்தார். அது கையோடு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, மிகவும் அமைதியாக, "இது தெரிஞ்சுதான் பெல்ட் வேண்டாம்னீரா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"பஸ்ல போகலாம்னு பாத்தா, இறங்க முடியாது."

"ஆமா சார்."

பிரேக் மறுபடி கொஞ்சம் பிடித்தது. நடக்கிற வேகத்தில் வண்டி உருண்டது. வீரவநல்லூர் தாண்டி, கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் வாய்க்கால் ஓரத்தில் பானட்டுக்கு உள்ளேயிருந்து இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி வந்தது. சிவசைலம் வண்டியை நிறுத்தி, டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தை எடுத்தார்.

"சூட்டோட மூடியத் திறந்துராதேயும்! மூஞ்சி வெந்துரும்!" என்று உள்ளேயிருந்து கத்தினார் பாலசுப்பிரமணியன்.

சிவசைலம் வாய்க்காலில் இறங்கினார். மழை நன்றாகப் பெய்த வருஷம். தண்ணீர் கரை தொட்டுப் போயிற்று. குனிந்து குடத்தை முக்கினார். நிறைந்த குடத்தைப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு முழம். அந்தக் கம்பி நேராக விருந்தினரின் நெஞ்சு உயரத்தில்தான் இருந்தது. லாரிக்காரர் சிரித்தார், சரி. அந்த ஒரு முழமும் இல்லாமல் போயிருந்தால் அனுராதா மாலையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்?

இவர் அங்கே இருக்கையில், வண்டிக்குள் கட்டிப்போட்டது மாதிரி இருந்த பாலசுப்பிரமணியன் பெல்ட்டை அறுக்க ஏதாவது கிடைக்குமா என்று முன்னால் இருந்த சின்ன அறையைத் திறந்து துழாவினார். கத்தி இல்லை. வண்டியின் காகிதங்கள் இருந்தன. பழைய பழக்கம், எடுத்துப் புரட்டினார்.

சிவசைலம் குடத்தோடு வந்தபோது விருந்தினரின் முகம் மாறியிருந்தது. ஒரு காகிதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வசவாவது வரும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டே தண்ணீர் ஊற்றினார் சிவசைலம். வசவு வரவில்லை. வண்டியை எடுத்தபோது மட்டும், "முப்பதுக்கு மேல போகாதேயும். பைய ஓட்டும்" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் சிவசைலத்தை இன்னும் பயமுறுத்தியது. அம்பாசமுத்திரம் ரோட்டில் தலையில் புல்லுக்கட்டு வைத்துச் சைக்கிள் மிதித்த ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போனார்.

பள்ளிக்கூட வாசலில் நுழைய இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அன்றைக்கென்று அது நிற்கவும் மறந்துவிட்டது. ஹாரனைக் கேட்டதும் அதுதான் சைகை என்று பாண்டு வாசிக்கிற பிள்ளைகள் முரசை அடித்தார்கள். சாரணர் பிள்ளைகள் சல்யூட் வைத்தார்கள். ஆவி பறக்க, ஹாரன் அலற, முரசு முழங்க வண்டி உள்ளே வந்தது. மாலைத் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்ற அனுராதா, வருவது எந்த வண்டி என்று பார்த்ததும் சிரிப்பை முகத்திலேயே மறந்து விட்டுவிட்டாள். அது அங்கேயே தனியாக நின்றது.

உடற்பயிற்சி ஆசிரியர் அருமைநாயகம் பானட்டைத் திறந்து ஒரு கம்பியைப் பிடுங்கி ஹாரனை நிறுத்தினார். கதவை வெளியேயிருந்து திறந்தார்கள். பாலசுப்பிரமணியன் இறங்கவில்லை.

"இறங்குங்க சார்" என்றாள் அனுராதா.

"முடியாதும்மா. உங்க வீட்டுக்காரரு என்னையக் கட்டிப் போட்டுக் கொண்டாந்திருக்காரு."

அனுராதா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பெல்ட்டின் பித்தானைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அருமைநாயகம் காலைக் கதவில் உதைத்துக்கொண்டு இழுத்தார். சத்துணவு அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது, விட்டுப் பார்த்தார்கள். கீழ்வழியாக நழுவலாமா என்று அனுராதா அனுபவத்திலிருந்து யோசனை சொன்னாள். விருந்தினர் தன் வயிற்றைப் பார்த்தார், அவளும் பார்த்தாள், அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு பொத்தாமல் சிரித்தார்கள். ஆண்டு விழாவில்கூட இவ்வளவு சந்தோஷமாக அவர்களைப் பார்த்ததில்லை என்று ஒரு டீச்சர் பின்னால் சொன்னார்.

"போதும், விடுங்க" என்றார் பாலசுப்பிரமணியன். "அந்த மைக்க இங்கன கொண்டாங்க. பிள்ளைகள வண்டியச் சுத்தி உக்காரச் சொல்லுங்க. எஞ்சின் பக்கம் யாரும் வரக்கூடாது, பெட்ரோல் ஒழுகுது."

முந்நூறு பிள்ளைகள் தள்ளி வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர் எழுதி வைத்திருந்த குறிப்பு வியர்வையில் ஊறி ஒட்டிப் போயிருந்தது. அதைக் கதவுக்கு வெளியே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"பெல்ட் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஆபத்து வந்தா பிடிச்சுக்கிடணும், ஆபத்து முடிஞ்சா விடணும். இது விடாது. வண்டி தீப்பிடிச்சா நான் இங்கனயே இருப்பேன்." பிள்ளைகளின் சிரிப்பு குறைந்தது. கழன்று வந்த கதவுக் கைப்பிடியைத் தூக்கிக் காட்டினார். பிரேக் என்ன செய்தது என்று சொன்னார். வாழைத்தார் கதையைச் சொன்னபோது திரும்பச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு முழத்தைக் கையால் அளந்து காட்டியபோது அடங்கிவிட்டது. அனுராதா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்ததைச் சிவசைலம் பார்த்தார்.

முன் வரிசையில் ஒன்பதாம் வகுப்பு நஸீமா எழுந்தாள். "சார், இந்த வண்டிய ஓட்டிட்டு வந்தது யாரு சார்?"

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிவசைலம் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். கொடிக்கம்பம் மறைக்கிற அளவுக்கு அவர் ஒல்லி கிடையாது. முன்னால் வந்தார்.

"நான்தாம்மா."

"பிரேக் இல்லன்னு தெரியுமா சார்?"

"தெரியும்."

"அப்ப ஏன் சார் ஓட்டுனீங்க?"

புதுக் கிளட்ச், புது பாட்டரி, நாலு டயர் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஓடுச்சு" என்றார். "அதான் ஓட்டினேன்."

பாலசுப்பிரமணியன் மடியிலிருந்த காகிதத்தை விரித்தார்.

"அவர மட்டும் கேக்காதீங்க. இது என்னன்னா, இந்த வண்டி ரோட்டுல ஓடலாம்னு குடுத்த பரிசோதனைத் தாளு. ஒண்ணே கால் வருஷத்துக்கு முன்னால குடுத்தது. கீழ கையெழுத்து யாருதுன்னு பாக்குதியளா? என்னுது."

சிவசைலம் நிமிர்ந்தார். அந்தத் தாள் வாங்கின அன்றைக்கு ஏஜெண்டு ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் தாள் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்ட அதிகாரியை அவர் பார்த்ததே கிடையாது.

"நான் ரிட்டயர் ஆக நாலு நாள் இருந்துச்சு" என்றார் பாலசுப்பிரமணியன். "தினமும் ஒரு பிரிவு உபசார விழா. வரிசையில முப்பது வண்டி நிக்கி. ஒரு சுத்து ஓட்டச் சொன்னேன். ஓடுச்சு. போட்டுட்டேன். யாரும் எனக்கு ஒண்ணும் தரல, நானும் கேக்கல. குனிஞ்சு பாக்கல, அவ்வளவுதான். இன்னைக்கும் பாதி வழியில வண்டிய நிப்பாட்டியிருக்கணும். இந்தத் தாளப் பாத்ததும் எனக்கு வாய் அடைச்சிட்டு. இவரு சொன்ன பதிலத்தான் நானும் சொல்லணும்."

கைதட்டல் வரவில்லை. பிள்ளைகளுக்கு இதற்குக் கைதட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. நஸீமாதான் முதலில் தட்டினாள். அப்புறம் நிற்கவே இல்லை.

கண்காட்சிக்கு ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை அனுராதாவே எடுத்து வந்தாள். பெல்ட்டின் நாடா கெட்டியானது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நறநறவென்று அறுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த சிவசைலத்துக்கு, அது நாடாவுக்கு மட்டும் உரிய கோபமாகத் தெரியவில்லை. விருந்தினர் இறங்கி நின்றதும் முரசு திரும்ப முழங்கியது.

சாப்பாடு ஆனபிறகு ஆசிரியர் அறையில் அனுராதா கதவைச் சாத்திவிட்டு வந்து சிவசைலத்தின் எதிரே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தார். அவள் மேசையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை ஒதுக்கி வைத்தாள்.

"கேஸ் சிலிண்டர மூணு தரம் திருகுதீங்க" என்றாள். "எனக்கு அது எரிச்சலா வரும். ஆனா இவரு நம்மள விட்டுட்டுச் சீக்கிரம் போயிர மாட்டாருன்னு ஒரு தைரியம் இருக்கும்." அதற்கு மேல் சொல்லாமல் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

சிவசைலம் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தார். "இனி எடுக்க மாட்டேன்" என்பதுதான் வந்தது.

சாயங்காலம் ஹாஜா இழுவை வண்டியோடு வந்தார். காரைச் சுற்றி வந்து, அறுந்த பெல்ட்டைப் பார்த்து, தரையில் சொட்டியிருந்த பெட்ரோலை முகர்ந்து பார்த்தார்.

"சரி பண்ண முடியுமா ஹாஜா?" என்று சிவசைலத்தின் வாய் தன்னை அறியாமல் கேட்டுவிட்டது.

"முடியும் அண்ணாச்சி. ஆனா நான் பண்ண மாட்டேன்."

அடுத்த வாரம் ஹாஜாவின் பட்டறையிலேயே காரைப் பிரித்தார்கள். சிவசைலம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். துக்கமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனார். பெட்ரோல் குழாயை ஹாஜா வெளியே எடுத்து இரண்டு விரலால் வளைத்தபோது அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதைப் பார்த்த பிறகு துக்கம் வரவில்லை, முதுகில் வியர்த்தது. மிச்சமிருந்த காரின் கூட்டைப் பழைய வண்டி உடைக்கிற இடத்துக்கு அனுப்பி, பதிவை ரத்து செய்யும் தாள்களில் கையெழுத்துப் போட்டார். இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் போட்டார்.

நாலு நாள் கழித்து பாலசுப்பிரமணியன் போன் பண்ணினார்.

"என்னவே, வண்டி இருக்கா?"

"பிரிச்சாச்சு சார்."

"அடடா. அந்தப் பேச்சக் கேள்விப்பட்டு மூணு பள்ளிக்கூடத்துல கூப்பிடுதாங்க. கூப்பிடும்போதே, 'கார் வருமா சார்?'னு கேக்காங்க. நான் மட்டும் போனா யாருக்கும் இஷ்டம் இல்ல போல."

சிவசைலம் யோசித்தார். பிறகு மேலப்பாளையம் போய், ஹாஜாவிடம் சொல்லி, ஒழுகின பிரேக் சிலிண்டர், நொறுங்கின குழாய், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், கதவுக் கைப்பிடி, பாதி பெல்ட், ஹாரன் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டார்.

முதல் பள்ளிக்கூடம் குலசேகரன்பட்டினம் பக்கத்தில். ஜங்ஷனில் இரண்டு பேரும் திருச்செந்தூர் பஸ் ஏறினார்கள். பாலசுப்பிரமணியன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புதிதாக எழுதிய குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தார். சாக்கைக் காலுக்கு நடுவில் வைத்துச் சிவசைலம் பிடித்துக்கொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே இரும்பு கலகலத்தது.

கண்டக்டர் வந்து சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும் அண்ணாச்சி. உள்ள என்ன இருக்கு?"

"கார்" என்றார் சிவசைலம்.